மலையேறும் காருக்கு மூச்சுப் பரிசோதனை செய்தாயிற்றா?

பழனியில் முருகனைத் தரிசித்தாயிற்று. பஞ்சாமிர்த டப்பா ரெண்டு பைக்குள் போயாயிற்று. ‘இவ்வளவு தூரம் வந்துட்டு கொடைக்கானல் போகாம திரும்பறதா?’ என்று பிள்ளைகள் அடம் பிடிக்க, நீங்களும் காரை மலைப் பாதையில் திருப்புகிறீர்கள். சவரிக்காடு, வடகவுஞ்சி, பெருமாள்மலை என்று ஏறிப் போகும் சுமார் 65 கிலோமீட்டர் பாதை அது. (மன்னவனூர் பக்கம் இருக்கிற கவுஞ்சி வேறு, இந்த வடகவுஞ்சி வேறு. குழப்பிக் கொள்ளாதீர்கள்!)

கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. “ஏ.சி.யை நிறுத்துங்க, ஜன்னலை இறக்குங்க... மலைக் காற்று வரட்டும்” என்கிறார் வீட்டுக்காரம்மா. ஜன்னல் இறங்குகிறது. உள்ளே வருவது மலைக் காற்றா? முன்னால் முக்கி முக்கி ஏறிக்கொண்டிருக்கும் வேனின் புகை! பின் சீட்டில் பாட்டி முந்தானையால் மூக்கைப் பொத்திக் கொள்கிறார். ஏற்கெனவே வீசிங் தொல்லை உள்ள சின்னவன் இருமத் தொடங்குகிறான்.

‘என்ன வண்டி வெச்சிருக்கானோ’ என்று முன்னால் போகிறவரைத் திட்டித் தீர்க்கிறோம். சரி... நமக்குப் பின்னால் ஏறி வருகிறவர் யாரைத் திட்டிக் கொண்டு வருகிறார்? அதை என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

‘என் கார்ல புகையே வராதுங்க. போன மாசம்தான் புகை சர்டிபிகேட் வாங்கினேன்’ என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. அங்கேதான் சிக்கல். கறுப்புப் புகை கண்ணுக்குத் தெரியும். திட்டலாம், ஜன்னலை ஏற்றலாம். கண்ணுக்குத் தெரியாமல், சர்டிபிகேட்டிலும் பதிவாகாமல் வெளியே போகிற ஒரு வாயு இருக்கிறது. அதை அடக்குவதற்கென்றே உங்கள் இன்ஜினில் ஒரு சின்ன வால்வு வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்கிறதா என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதே இல்லை.

சாது மிரண்டால்...

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். பரம சாது. மூச்சில் உள்ளே போய், அப்படியே வெளியே வந்துவிடும். ஆனால் இன்ஜினுக்குள் வெப்பம் 1,400, 1,500 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்போது இந்த சாதுவும் மிரண்டு விடுகிறது. ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறுகிறது. அதில் ஒன்றான நைட்ரஜன் டை ஆக்சைடுதான் நுரையீரலுக்கு வில்லன்.

இந்த வாயு தண்ணீரில் அவ்வளவு எளிதில் கரையாது. அதனால் என்ன என்கிறீர்களா? அம்மோனியா மாதிரி எளிதில் கரையும் வாயு என்றால் கண்ணிலும் மூக்கிலும் உள்ள ஈரத்திலேயே கரைந்து எரிச்சல் தரும். நாமும் சட்டென்று விலகி ஓடி விடுவோம். இது அப்படி எச்சரிக்கை கொடுக்காமல் நுரையீரலின் சின்னஞ்சிறு குழாய்கள் வரை இறங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக் குழாய் இன்னும் எளிதாகச் சுருங்கும். நெடுநாள் இந்தக் காற்றிலேயே இருக்கும் குழந்தைகளுக்கு நெஞ்சில் தொற்று எளிதாகப் பற்றும்.

நம் நாட்டில் 2009-ல் வகுத்த தரத்தின்படி, ஆண்டு சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் இது 40 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனமும் அதே 40 என்றுதான் சொல்லி வந்தது. 2021-ல் அதை ஒரேயடியாக 10 ஆகக் குறைத்து விட்டது. ‘கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை’ என்று நினைத்ததெல்லாம் பரவாயில்லை அல்ல என்று ஆராய்ச்சிகள் காட்டியதுதான் காரணம்.

இதோடு முடிந்ததா? இந்த வாயுவும், எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவியும் நல்ல வெயிலில் சேர்ந்தால் தரையை ஒட்டி ஓசோன் உண்டாகிறது. வானத்தின் உச்சியில் இருக்கும் ஓசோன் நமக்குக் குடை. மூக்குக்கு எதிரே இருக்கும் ஓசோன் விஷம். 1950-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைப் புகைமூட்டம் வாட்டிய போது இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்ஸ்மிட் என்ற வேதியியல் பேராசிரியர். அதற்கு முன்பு அவர் ஆராய்ந்து கொண்டிருந்தது என்ன தெரியுமா? அன்னாசிப் பழத்தின் வாசனை! பழ வாசனையைப் பிடிக்க வைத்திருந்த கருவிகளின் அனுபவம் புகையைப் பிடிக்க உதவியது.

தணலுக்குச் சாம்பல்

இன்ஜினின் உச்ச வெப்பத்தைத் தணிக்க என்ன வழி? நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த வழிதான். விறகடுப்பில் தணல் தகதகவென்று எரிந்தால் ஒரு கை சாம்பலை அள்ளி மேலே போடுவார்கள். தீ அணையாது, ஆனால் ஆட்டம் அடங்கும். அதேபோல, இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்து, புதுக் காற்றோடு கலந்து மறுபடி உள்ளே அனுப்புகிறார்கள். ஏற்கெனவே எரிந்து முடிந்த வாயு என்பதால் அது மறுபடி எரியாது. சாம்பல் மாதிரி வெப்பத்தை வாங்கிக் கொண்டு சும்மா இருக்கும். உச்ச வெப்பம் இறங்கும்; நைட்ரஜனும் சாதுவாகவே இருந்துவிடும்.

இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஈ.ஜி.ஆர். என்று பெயர். எவ்வளவு புகை திரும்ப வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கதவுதான் ஈ.ஜி.ஆர். வால்வு. அமெரிக்கக் கார்களில் 1970-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. இன்று நம் ஊர் டீசல் கார்களில் அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. பெட்ரோல் கார்களில் சிலவற்றில் தனி வால்வு இருக்கும். சிலவற்றில் இன்ஜின் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றியே அந்த வேலையை முடித்து விடுவார்கள். உங்கள் காரில் எது என்று சர்வீஸில் கேட்டால் சொல்லி விடுவார்கள்.

புகை போய் வரும் இடம் சுத்தமாகவா இருக்கும்? கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, பணியாரக் கல்லில் படிகிற அடி மாதிரி அந்த வால்வில் படியும். பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் உருட்டுகிற டீசல் காரில் இந்தப் படிவு சீக்கிரமே சேரும். ஒரு நாள் வால்வு சிக்கிக் கொள்ளும்.

திறந்தபடி சிக்கினால் உங்களுக்கே தெரிந்துவிடும். ஐட்லிங்கில் வண்டி குலுங்கும், ஏற்றத்தில் இழுக்காது, டீசல் என்றால் கறுப்பாகப் புகையும். மூடியபடி சிக்கினால்தான் ஆபத்து. வண்டி பெரும்பாலும் நன்றாகவே ஓடுவது போலத் தோன்றும். சில பெட்ரோல் கார்களில் ஏற்றத்தில் ‘டக டக’ என்று ஒரு நாக்கிங் சத்தம் கேட்கலாம், அவ்வளவுதான். நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் சத்தமில்லாமல் கூடிவிடும்.

“தட்டு வெச்சு அடைச்சிடலாம் சார்!”

இப்போது ஒர்க்ஷாப்பில் அடிக்கடி நடக்கிற ஒரு உரையாடலுக்கு வருவோம்.

“ஈ.ஜி.ஆர். அடைச்சிருக்கு சார். புது வால்வு போட்டா செலவு ஜாஸ்தி. ஒரு தகடு வெட்டி நடுவுல வெச்சு மூடிட்டா தொல்லையே இல்ல. பிக்கப்பும் பிச்சுக்கிட்டுப் போகும்!”

கேட்கக் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. நீங்களும் தலையாட்டி விடுகிறீர்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். சரியாக வேலை செய்யும் வால்வு, நீங்கள் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது தானாகவே மூடிக் கொள்ளும். செங்குத்தான ஏற்றத்தில் இன்ஜினுக்கு முழு சக்தி வேண்டும் என்று அதற்குத் தெரியும். அப்படியானால் தகடு வைத்ததும் பிக்கப் கூடியது எப்படி? சிக்கிக் கிடந்த வால்வின் கோளாறு மறைந்ததால் கூடியது! சுத்தம் செய்திருந்தாலும் அதே பிக்கப் வந்திருக்கும்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. புகைப் பரிசோதனை மையத்தில் பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் பார்க்கிறார்கள். டீசல் காருக்குப் புகை எவ்வளவு கறுப்பு என்று பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை வழக்கமாக அளப்பதே இல்லை! டீசல் இன்ஜினில் புகையைத் திருப்பி அனுப்பினால் வெப்பம் குறைந்து நைட்ரஜன் ஆக்சைடு இறங்கும், கரி சற்றுக் கூடும். தகடு வைத்து அடைத்தால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடு எகிறும். ஆகவே வால்வை அடைத்த காருக்கு, அடைக்காத காரைவிட நல்ல மார்க்கோடு சர்டிபிகேட் கிடைத்தாலும் ஆச்சரியமில்லை. அந்தப் பேப்பரைப் பார்த்து ‘என் வண்டி சுத்தம்’ என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம்.

சர்டிபிகேட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பார்க்கிறதை ஒழுங்காகவே பார்க்கிறது. பார்க்காததை நாம்தான் பார்த்துக் கொள்ள வேண்டும்.

ரோட்டில் பிடிபட்ட பொய்

சோதனை ஒன்று, நிஜம் வேறொன்று என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஃபோக்ஸ்வேகன் விவகாரம். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறிய ஆராய்ச்சிக் குழு ஒன்று 2013-ல் மூன்று டீசல் கார்களை எடுத்துக் கொண்டது. புகையை அளக்கும் கருவிகளைக் காரிலேயே ஏற்றிக் கொண்டு நிஜமான ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு காரை லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டிப் போய்த் திரும்பினார்கள். அந்தக் குழுவில் ஒருவர் பெயர் அரவிந்த் திருவேங்கடம். பெயரைக் கேட்டதும் நமக்கு ஒரு சின்ன சந்தோஷம் வருகிறதல்லவா!

அந்த ஃபோக்ஸ்வேகன் கார்கள் சோதனை அறையில் நல்ல பிள்ளைகள். ரோட்டிலோ, நைட்ரஜன் ஆக்சைடு ஒரு காரில் அனுமதித்த அளவைப் போல 15 முதல் 35 மடங்கு. இன்னொன்றில் 5 முதல் 20 மடங்கு. வேறு கம்பெனியின் மூன்றாவது கார் பெரும்பாலும் அளவுக்குள்ளேயே இருந்தது, மேடும் பள்ளமுமான மலைப்பாங்கான பாதையைத் தவிர! மலைப்பாதையில் போகிற நாம் இதைக் குறித்து வைத்துக் கொள்ள வேண்டும். நல்ல காருக்கும் ஏற்றம் என்பது கஷ்டமான பரீட்சைதான்.

2015 செப்டம்பரில் குட்டு வெளிப்பட்டது. ‘இப்போது சோதனை நடக்கிறது’ என்று கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேரைக் காருக்குள் வைத்திருந்தார்கள். உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். ஐரோப்பாவில் விற்ற கார்களில் அந்த சாஃப்ட்வேர் ஆட்டி வைத்தது எதைத் தெரியுமா? நாம் பேசிக் கொண்டிருக்கும் இதே வால்வைத்தான்! சோதனை என்றால் நிறையப் புகை திரும்பும். ரோட்டில் இறங்கியதும் குறைந்துவிடும். இந்த மாதிரி வால்வை ஆட்டி வைப்பது சட்டவிரோதம்தான் என்று ஐரோப்பிய யூனியனின் நீதிமன்றம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

இந்தியாவிலும் 2015 டிசம்பரில் சுமார் 3 லட்சத்து 23 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரி செய்வதாக அந்த கம்பெனி அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இந்திய விதிகளை மீறவில்லை என்று கம்பெனி வாதாடி உச்ச நீதிமன்றம் போக, வசூல் நடவடிக்கை நிறுத்தி வைக்கப்பட்டது. இதற்கெல்லாம் ஒரு பலன், 2023 ஏப்ரல் முதல் நம் நாட்டிலும் புது மாடல் கார்களை ரோட்டில் ஓட்டியே அளக்கும் முறை வந்திருக்கிறது.

ஆயிரம் கோடிக் கம்பெனி சாஃப்ட்வேரால் செய்ததை, நாம் நூறு ரூபாய்த் தகடால் செய்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்!

சரி, எப்படிச் சோதிப்பது?

நீங்களே ஸ்பேனரைப் பிடிக்க வேண்டாம். அந்த வால்வு கொதிக்கிற சூட்டில் இருக்கும். பக்கத்திலேயே ஃபேனும் சுற்றும். ஆனால் மெக்கானிக் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால் ‘பார்த்தாச்சு சார்’ என்று யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

முதலில் டாஷ்போர்டு. செக் இன்ஜின் லைட் மஞ்சளாக எரிகிறதா? ஸ்கேனரைச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். பி 0401 என்று வந்தால் திரும்ப வேண்டிய புகை போதுமான அளவு திரும்பவில்லை. பி 0402 என்றால் அளவுக்கு மேல் திரும்புகிறது. கோடு வந்த உடனே ‘வால்வு போச்சு, மாத்திடலாம்’ என்பார்கள். அவசரப்படாதீர்கள். வால்வு நன்றாக இருந்து, குழாயில் கரி அடைத்திருந்தாலும் அதே 0401 வரும். வயர் கழன்றிருக்கலாம், சென்சாரில் தூசி இருக்கலாம்.

அடுத்தது அசல் சோதனை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐட்லிங்கில் ஓடும்போது, ஸ்கேனர் மூலம் வால்வைத் திறக்கச் சொல்லி உத்தரவு கொடுக்க வேண்டும். புகை உள்ளே வந்தால் அந்த அளவுக்குப் புதுக் காற்றுக்கு இடம் குறையும். ஆகவே காற்றளவு காட்டும் சென்சாரின் எண் டீசல் காரில் உடனே இறங்க வேண்டும். பெட்ரோல் கார் என்றால் இன்ஜின் தடுமாறும், அணைந்தே போகலாம். பயந்து விடாதீர்கள், அப்படித் தடுமாறினால்தான் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். வால்வு திறந்ததாக ஸ்கேனர் சொல்கிறது, ஆனால் எண்ணும் அசையவில்லை, இன்ஜினும் அசையவில்லை என்றால்? குழாய் அடைத்திருக்கிறது. அல்லது முந்தைய மெக்கானிக் வைத்த தகடு உள்ளே உட்கார்ந்திருக்கிறது! பழைய கார் வாங்கியவர்கள் இதை அவசியம் பார்த்து விடுங்கள். போன ஓனர் செய்தது உங்களுக்குத் தெரிய வேறு வழியில்லை.

பழைய மாடல்களில் வால்வை வாக்குவம் இயக்கும். அதற்கு ஸ்கேனர் தேவையில்லை. கையால் இயக்கும் ஒரு சின்ன வாக்குவம் பம்ப் போதும். வால்வின் மேலிருக்கும் டியூபைக் கழற்றி, பம்பை மாட்டி இழுத்தால் உள்ளே இருக்கும் தண்டு நகர வேண்டும். இழுத்த வாக்குவம் குறையாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளே டயாபிரம் கிழிந்திருக்கிறது. தண்டு நகர்ந்தும் இன்ஜின் தடுமாறவில்லை என்றால் மறுபடி அதே கரி அடைப்புதான்.

அடைப்பு என்றால் கழற்றி, அதற்கென்று உள்ள கிளீனர் போட்டுச் சுத்தம் செய்து, புது பேக்கிங் வைத்து மாட்டினாலே பல கார்களுக்குப் போதும். முடிந்த பிறகு அதே திறந்து பார்க்கும் சோதனையை உங்கள் கண் முன்னால் இன்னொரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். வெறுமனே கோடை அழித்துவிட்டு ‘லைட் அணைஞ்சிடுச்சு சார்’ என்றால் பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள். அது நாலு நாளில் திரும்ப எரியும். ரேடியேட்டர் தண்ணீர் காரணமில்லாமல் குறைந்து கொண்டே போய், வெள்ளைப் புகையும் வந்தால் ஈ.ஜி.ஆர். கூலர் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: இன்ஜினை ஓட விட்டுச் செய்யும் எந்தச் சோதனையையும் மூடிய ஷெட்டில் செய்யக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இதே காரணத்தால்தான், கொடைக்கானல் குளிருக்குப் பயந்து ஹீட்டருக்காக இன்ஜினை ஓட விட்டு, கண்ணாடியை ஏற்றிக் கொண்டு காருக்குள் தூங்கக் கூடாது என்பதும். உயிருக்கே ஆபத்து.

பாதையில் போகும்போது...

வீசிங் உள்ள பிள்ளையோ பெரியவரோ உங்களுடன் வந்தால் டாக்டர் கொடுத்த இன்ஹேலர் டிக்கியில் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. கைப்பையில் இருக்க வேண்டும். புகை விடும் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக் கொண்டால், வெளிக்காற்றைத் தடுக்கும் ரீ-சர்குலேஷன் பட்டனைப் போடுங்கள். பஸ் விலகியதும் எடுத்து விடுங்கள். காருக்குள் ஐந்து பேர் ஒரே காற்றை ரொம்ப நேரம் மூச்சு விட்டால் தலைவலிதான் மிச்சம். பஸ்ஸை முட்டிக் கொண்டு போகாமல் நாலு கார் தூரம் விட்டாலே புகை பாதி கலைந்துவிடும். வளைவில் முந்த வேண்டிய தேவையும் இருக்காது.

மலைக்கு வரும் கூட்டத்தைக் கணக்கில் வைத்துத்தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 சீசனில் வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். நீங்கள் ஒரு நாள் ஏறி இறங்குகிறீர்கள். வடகவுஞ்சியில் பாதையோரம் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு? அந்த ஆயிரக்கணக்கில் தங்கள் பாதை வழியாக வருகிற வண்டிகள் அத்தனையும் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வீடுகளிலும் கைக்குழந்தை உண்டு. இருமுகிற தாத்தா உண்டு. ‘எங்க ஊர் காற்றுக்காகத்தானே வர்றீங்க’ என்று அவர்கள் நம்மைக் கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம்தான்.

ஆகவே, லீவுக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே காரை ஒர்க்ஷாப்பில் விட்டு விடுங்கள். பிரேக்கைப் பார்க்கச் சொல்கிற அதே மூச்சில், “ஈ.ஜி.ஆரைத் திறந்து காட்டுங்க” என்றும் சொல்லுங்கள். வடகவுஞ்சி பிரிவில் டீ குடிக்க நிறுத்தினால், பிள்ளைகள் இறங்குவதற்கு முன்பே இன்ஜினை அணைத்து விடுங்கள்.